ஏழு பேருக்கு ஒரு நர்ஸா?

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு உக்கடம் பேருந்து நிலையத்தில் பொள்ளாச்சி வண்டி ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய், தூரம் நாற்பது கிலோமீட்டர். கையில் ஒரு பை. பைக்குள் ஒரு கம்பளிச் சட்டை, தண்ணீர்ப் பாட்டில், ஆறு பக்கப் படிவம். அந்தப் படிவத்தை நிரப்பி வெள்ளிக்கிழமை கொடுத்தால், வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஜெயந்தி என்ற நர்ஸின் இடம் அங்கேயே இருக்குமா, கோவைக்கு மாற்றப்படுமா என்பது முடிவாகிவிடும்.

ஜெயந்தியை நான் பார்த்ததில்லை. கோவையில் ஓர் அறக்கட்டளை இரண்டு சின்ன மருத்துவ மையங்களை நடத்துகிறது. ஒன்று உக்கடம் பக்கம், இன்னொன்று அந்த எஸ்டேட்டில். உக்கடத்தில் ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து, நூற்று இருபது பேர் வருகிறார்கள். இரண்டு நர்ஸ்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறார்கள். எஸ்டேட்டில் ஒரு நாளைக்கு ஏழு பேர். "ஏழு பேருக்கு ஒரு நர்ஸா?" என்று தலைவர் கேட்டார். அவர் நூற்பாலை நடத்தி ஓய்ந்தவர். ஒரு இயந்திரமும் சும்மா நிற்கக் கூடாது என்று பழகிய கண். "நீங்க மூணு நாடு பாத்தவங்க. போய்ப் பாத்துப்போட்டு வந்து சொல்லுங்க சிஸ்டர்."

மூன்று நாடு பார்த்தது உண்மைதான். இருபத்து மூன்று வருட நர்ஸ் வேலையில் சிங்கப்பூரில் நான்கு வருடம், ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் மேற்குப் பக்கம் ஆறு வருடம், மீதி கோவையில். இப்போது பயிற்சி நர்ஸ்களுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆகவே பேருந்து ஏறும்போதே பதிலும் என்னிடம் தயாராக இருந்தது. ஜெயந்தியை உக்கடத்துக்கு மாற்றலாம் என்று பென்சிலில் எழுதியே வைத்திருந்தேன். அதை மையில் எழுதுவதற்குத்தான் இந்தப் பயணம்.

ஏழு மணிக்குப் பொள்ளாச்சி. இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. ஏழரைக்கு வால்பாறை வண்டி. இங்கிருந்து அறுபத்து நான்கு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்றார்கள். குயின்ஸ்லாந்தில் அறுபத்து நான்கு கிலோமீட்டர் என்றால் ரொட்டி வாங்கப் போகிற தூரம். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண், மடியில் சென்னிமலைப் போர்வைக் கட்டு. மேலே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குளிருக்கு விற்கக் கொண்டுபோகிறாராம்.

"ஏனுங்க, நீங்க டாக்டருங்களா?" என்றார் என் படிவத்தை எட்டிப் பார்த்து.

"நர்ஸுங்க."

"அப்ப நெம்ப நல்லதுங்க. எனக்கு வளைவுல தலை சுத்துமுங்க. பக்கத்துல நர்ஸம்மா இருக்கறது தைரியமுங்க."

ஆழியாறு அணையும் வனத்துறைச் சோதனைச் சாவடியும் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் நாற்பது, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் அணை ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிக் கீழே கிடந்தது. பதினான்காவதில் போர்வைக்காரம்மா என் தோளில் சாய்ந்துவிட்டார். இருபத்து இரண்டாவதில் எனக்கே வயிறு புரட்டியது. ரொட்டி வாங்கப் போகிற தூரம் என்று சொன்னவள் பையில் எலுமிச்சம்பழம் தேடினேன். ஆஸ்திரேலியச் சாலை ஐம்பது மைல் திரும்பாமல் போகும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பத்தரைக்கு வால்பாறை. சாரல், கூடவே தேயிலை வறுக்கும் வாசம். நிலையத்துக்கு வெளியே ஒரு பழைய ஜீப் நின்றது. ஓட்டுநர் கந்தசாமி அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் ஆனைமலை. மருத்துவ மையத்துக்கு மருந்துப் பெட்டி ஏற்றுவதும், என்னைப் போல் வருகிறவர்களைக் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை.

"வாங்கம்மணி. பையக் குடுங்க. சாப்டாச்சுங்களா? பொள்ளாச்சிலயா சாப்ட்டீங்க? சரிங்க. மேல குளிருமுங்க, சொட்டரு இருக்குதுங்களா?"

ஒரு மூச்சில் அத்தனை "ங்க". நான் கொங்குக்காரிதான், சிங்காநல்லூரில் வளர்ந்தவள். ஆனாலும் இந்த அண்ணன் வேறு தரம்.

"எவ்வளவு தூரங்கண்ணா?"

"பக்கந்தானுங்க. பதினாலு கிலோமீட்டருங்க."

பதினான்கு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது. பாதி தார், பாதி கல். இருபுறமும் சீவி விட்ட தலைபோலத் தேயிலை. இங்கே தேயிலைத் தோட்டத்தைக் காடு என்கிறார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் எண். ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, "பதினெட்டாம் நம்பர் காட்டுல நிக்குதுங்க பாருங்க," என்றார். மூன்று யானைகள், ஒரு குட்டி. "இதுக ரோட்டுல எறங்குச்சுன்னா பதினாலு கிலோமீட்டரு நாலு மணி நேரமுங்க. நம்ம கையில இல்லீங்க." சொல்லிக்கொண்டே இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"தோள் வலிங்களாண்ணா?"

"ஸ்டீரிங் புடிச்சுப் புடிச்சுங்க. காலையிலிருந்து கொஞ்சம் வாயுவுங்க. ஒண்ணுமில்லீங்க."

ஒன்றுமில்லை என்றார், நானும் விட்டுவிட்டேன். இதை எழுதும்போது இந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வழியெல்லாம் அவருக்கு நான் வெளிநாட்டுக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் தூரம் என்றால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம். அவ்வளவு நெருக்கமாக ஜனம் இருக்கிற ஊரில் வேலையையும் மெல்லிசாக நறுக்கிவிடுவார்கள். இரத்தம் எடுக்க ஒருத்தி, காயம் கட்ட ஒருத்தி, மருந்து கொடுக்க ஒருத்தி. இரண்டு வருடம் நான் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடுவதை மட்டும் செய்தேன். அதில் நான் கெட்டிக்காரி ஆனேன். புண்ணுக்கு மேலே இருந்த முகங்கள்தாம் ஒன்றும் நினைவில்லை.

குயின்ஸ்லாந்தில் எல்லாமே தலைகீழ். நான் இருந்த ஊரில் ஜனம் கொஞ்சம், மண் அதிகம். டாக்டர் விமானத்தில் வருவார். மற்ற நாள் நானேதான் நர்ஸ், மருந்துக்காரி, எக்ஸ்ரே எடுப்பவள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஒருமுறை நாய்க்குத் தையல் போட்டேன்.

"நாய்க்கு நன்றி இருந்துச்சுங்களா?" என்றார் கந்தசாமி அண்ணன்.

"கடிச்சுதுங்க."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடியும் தோளைத் தேய்த்தார்.

பதினொன்றரைக்கு எஸ்டேட் மருத்துவ மையம். தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு கட்டில், வெளியே ஒரு கொய்யா மரம். அந்த மரத்தடியில் நின்றால் மட்டும் செல்போன் எடுக்கும். ஜெயந்திக்கு முப்பத்து நான்கு வயது, ஊர் தாராபுரம். ஏழு வருடமாக இங்கே தனியாக இருக்கிறார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கெஞ்சலும் இல்லை, உபசாரத்தில் குறையும் இல்லை.

"வாங்கக்கா. மொதல்ல காப்பி குடிங்க. பொறவு நோட்டெல்லாம் பாருங்க. மூடி மறைக்க ஒண்ணுமில்லீங்க."

நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தேன். சுத்தமான கையெழுத்து. திங்கள் எட்டு பேர், சனி ஐந்து, வெள்ளி ஏழு. தலைவர் சொன்ன எண் சரிதான். இரண்டு மணி நேரம் அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி அட்டை கடித்த காலோடு வந்தார். ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதி குழந்தைக்குத் தடுப்பூசி போடவேண்டிய நாள் கேட்டு வந்தார்கள். ஜெயந்தி அவர்களிடம் உடைந்த இந்தியில் பேசி, குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அது சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது.

நான் படிவத்தை எடுத்தேன். "ஜெயந்தி, நான் பட்டுனு கேட்டர்றேன். பதினாலு கிலோமீட்டர்ல கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்குது. நான் இருந்த ஊர்ல அடுத்த ஆஸ்பத்திரி முன்னூறு கிலோமீட்டர். இங்க நீங்க எதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. "தெரியலீங்கக்கா. நானும் யோசிச்சுப் பாத்திருக்கறேன். வேலை கம்மிதானுங்க. ஆனா நான் லீவு போட்டா மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுதுங்க," என்றார். அது ஒரு பதிலாக எனக்குப் படவில்லை. படிவத்தில் 'வேலை கம்மி: பணியாளரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

ஒன்றரைக்குச் சாப்பாடு. சோறு, தட்டப்பயறுக் குழம்பு, கொள்ளு ரசம், அப்பளம். ஜெயந்தி மூன்று தட்டு வைத்தார். கந்தசாமி அண்ணன் வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, சாப்புட வரலீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் ஜெயந்தி.

"வேண்டாம்," என்றார் அவர்.

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். ஜெயந்தியின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"என்னங்ணா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

கரண்டி குழம்புக்குள் விழுந்தது. ஜெயந்தி எழுந்து வெளியே ஓடினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றுமில்லை என்று ஒரு மனிதர் சொன்னால் எதற்கு ஓட வேண்டும்?

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கந்தசாமி அண்ணனைச் சுவரோடு சாய்த்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, நாடி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் முகம் சாம்பல் நிறம். மலைக்குளிரில் நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையை மடியில் போட்டிருந்தார், அது யாருடையதோ என்பதுபோல.

"நெஞ்சு அடைக்குதுங்களாண்ணா?"

"ம்."

"அக்கா, அந்த அலமாரில ரெண்டாவது தட்டு, ஆஸ்பிரின்," என்றார். பிறகு கொய்யா மரத்தடிக்கு ஓடி வால்பாறை டாக்டரிடம் இரண்டே வாக்கியத்தில் பேசினார். டாக்டர் சொன்னபடி மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தார். ஆம்புலன்ஸ் கீழேயிருந்து வந்து திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். இருக்கிற ஒரே வண்டி ஜீப். ஜீப்புக்கு இருக்கிற ஒரே ஓட்டுநர் படியில் சாய்ந்திருக்கிறார்.

"சாவி எங்கே?" என்றேன். குயின்ஸ்லாந்து முதல் தடவையாக அன்று பயன்பட்டது.

ஜெயந்தி பின் இருக்கையில் அவரைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கொய்யா மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இன்னொரு போன், யானை நடமாட்டத்தைக் கவனிக்கும் காவலருக்கு. "கீழ் ரோட்டுலயா? குட்டியோடவா? சரிங்க." என்னிடம், "மேல் ரோட்டுல போங்கக்கா. மூணு கிலோமீட்டரு சாஸ்தி. ஆனா போயிரலாம்." நான் வந்த வழியாகவே கிளம்பியிருப்பேன். யானைக்குப் பின்னால் நின்றிருப்போம்.

பதினேழு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். அந்த ஜீப்பின் கிளட்ச் பலம் பார்க்கிற சாமான். ஒவ்வொரு திருப்பத்திலும் என்னோடு மல்லுக்கு நின்றது. பின்னால் ஜெயந்தி விடாமல் பேசிக்கொண்டே வந்தார். பெரிய மகள் எந்த வகுப்பு, தென்னைக்குத் தண்ணீர் விட்டாச்சா, ஆனைமலையில் மழை உண்டா. கந்தசாமி அண்ணன் ஒற்றை வார்த்தையில் முனகினார். ஒவ்வொரு முனகலுக்கும் ஜெயந்தி காதைக் கூர்மையாக்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வால்பாறை அரசு ஆஸ்பத்திரி. வாசலிலேயே தள்ளுகட்டிலோடு நின்றார்கள். இசிஜி எடுத்தார்கள். மாரடைப்புதான். டாக்டர், வயது முப்பதுகூட இருக்காது, ஊசி போட்டுவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் தள்ளியிருந்தா சொல்ல முடியாதுங்க," என்றார். மூன்று நாற்பதுக்குப் பொள்ளாச்சி ஆம்புலன்ஸ் தயாரானது.

அங்கேதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "நான் காலையிலிருந்து அவர் பக்கத்திலேயே இருந்தேன். தோளைத் தேய்ச்சார், வாயுன்னார். எனக்குப் புரியல. உங்களுக்கு உள்ளே இருந்துக்கிட்டே எப்படித் தெரிஞ்சுது?"

ஜெயந்தி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அவரு 'ங்க' போடலீங்களேக்கா."

"என்னது?"

"ஏழு வருசத்துல அந்த அண்ணன் எங்கிட்ட 'ங்க' இல்லாம ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. நாயி குறுக்க வந்தாக்கூட 'போங்க'ம்பாருங்க. 'வேண்டாம்'னு மொட்டையாச் சொன்னாரு. 'ங்க' போடற அத்தனூண்டு மூச்சுகூட மிச்சமில்லைன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

நான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, பயத்தாலா, வெட்கத்தாலா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஒரே மண்ணில் பிறந்து, அதே "ங்க"வைத் தாய்ப்பாலோடு குடித்தவள் நான். என் காதிலும் அந்த இரண்டு வார்த்தையும் விழுந்தன. ஆனால் நான் அவரை மூன்று மணி நேரமாகத்தான் அறிவேன். ஒரு நாளைக்கு நூற்று இருபது பேரைப் பார்க்கிற இடத்தில் யார் "ங்க" போட்டார், யார் போடவில்லை என்று எந்த நர்ஸுக்குத் தெரியும்? எங்கள் உக்கடத்துப் பெண்கள் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு ஆள் தெரியாது, அவ்வளவுதான். தெரிய வேண்டியதும் இல்லை. அங்கே அடுத்த தெருவில் இசிஜி இருக்கிறது.

ஆம்புலன்ஸில் யார் போவது என்ற பேச்சு வந்தது. ஜெயந்தி ஏறப் போனவர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நீங்க போறீங்களா? மேல நிறைமாசமா ரெண்டு பேரு இருக்கறாங்க. அங்க ஆளில்லீங்க. அஞ்சு மணி எஸ்டேட் பஸ்ஸுல நான் போயிர்றேன்."

ஏற மனமில்லாமல் நின்ற அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுக்கணக்கும் விளங்கியது. ஒருவர் மட்டும் இருக்கிற இடத்தில், அந்த ஒருவர் ஒரு உயிரோடு கீழே இறங்கினால் மேலே மற்ற எல்லோரும் கதவில்லாத வீட்டில் இருப்பது போலத்தான். நான் வண்டியில் ஏறினேன். நாற்பது வளைவையும் இறங்கும்போது கந்தசாமி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஒரு வளைவிலும் தலை சுற்றவில்லை. ஆறரைக்குப் பொள்ளாச்சியில் அவரை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அவர் மனைவியும் மகளும் ஆனைமலையிலிருந்து வந்து சேரும்வரை இருந்துவிட்டு, கோவை வண்டி பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி, அறக்கட்டளை அலுவலகம், அவிநாசி சாலை. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரிப் பலகைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தெரிந்தன. தலைவர் என் படிவத்தைப் படித்தார். பென்சிலில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு மையில் ஒரு வரி எழுதியிருந்தேன்: எஸ்டேட்டுக்கு ஒரு நர்ஸ் போதாது, இரண்டு பேர் வேண்டும்.

"சிஸ்டர், ஏழு பேருக்கு ஒண்ணே அதிகம்னு உங்களை அனுப்பிச்சா, ரெண்டு கேக்கறீங்க?"

"ஆமாங்க. உக்கடத்துல எவ்வளவு பேர் வர்றாங்கன்னு பாத்து ஆள் போடலாம். எஸ்டேட்டுல, ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்துத்தான் போடணும். உக்கடத்துக்கு நான் என் பயிற்சிப் பெண்களை வாரத்துல நாலு நாள் அனுப்பறேன். கூட்டத்துல கத்துக்க அதவிட நல்ல இடம் கெடையாதுங்க."

அவர் முகம் அசையவில்லை. சிங்கப்பூர் சொன்னேன், குயின்ஸ்லாந்து சொன்னேன். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு படியில் நடந்ததைச் சொன்னேன். கந்தசாமி அண்ணன் "வேண்டாம்" என்று சொன்னார், "ஒண்ணுமில்ல" என்று சொன்னார், அதைக் கேட்டு ஜெயந்தி ஓடினார் என்று.

விரல் நின்றது.

"கந்தசாமியா? ஆனைமலைக் கந்தசாமியா? 'ங்க' இல்லாமயா பேசுனான்?"

"ஆமாங்க."

"அய்யோ," என்றார். உண்மையாகவே நெஞ்சில் கை வைத்தார். "அப்ப நெசமாலுமே முடியாமத்தான் இருந்திருக்கும்." மூன்று நாட்டு அனுபவம் நகர்த்தாத மனிதரை ஒரு "ங்க" நகர்த்திவிட்டது. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, "ஆறு மாசம் ரெண்டு பேர் இருந்து பாக்கட்டும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்குள் என் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துப் பேசத் தொடங்கியதும் யாரென்று புரிந்தது. தலைவருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தேன்.

"அம்மணிங்களா? கந்தசாமி பேசறனுங்க. வார்டுக்கு மாத்திப்போட்டாங்க. நல்லாயிருக்கறனுங்க." குரல் மெலிந்திருந்தது; ஆனால் எதுவும் குறையவில்லை. "நீங்கதான் வண்டிய ஓட்டுனீங்கன்னு ஜெயந்தியம்மணி சொன்னாங்க. நெம்ப சந்தோசமுங்க. ஒண்ணு மட்டும் சொல்லறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. மச்சான் போய் ஜீப்ப எடுத்துப் பாத்தானுங்க. கிளட்சத் தேச்சுப்போட்டீங்க."